உள்ளே வரும் லொறிக்கு மட்டும்

அதுல உக்காராதீங்க சேர், கால் ஆடும். இந்தக் கதிரையில உக்காருங்க. உங்க வீட்டு மணலு விசயம் பொறகு பேசுவோம், ஓடியா போகப்போகுது? மொதல்ல போட்டோ. நீங்க கண்டுபிடிச்ச மெஷினுக்குப் பக்கத்துல கடுகண்ணாவை ஊரு மணல் யாவாரி ஞானேஸ்வரி பல்லக் காட்டிக்கிட்டு நிக்கணும், அவ்வளவு தானே? கவர்மெண்ட் காசுல உங்க கெம்பஸ்ல செஞ்ச ஆராய்ச்சி தொழிலுக்கு வந்திருச்சின்னு மேலிடத்துக்குக் காட்டணும். நல்லாக் காட்டுங்க. அப்ப தானே அடுத்த வருஷமும் குடுப்பாங்க.

மெஷின் தங்கம் சேர், பொய் சொல்லக் கூடாது. லொறி கேட்டுல வந்து நின்னா போதும். மேல இருக்கிற ரெண்டு கெமராவும் பாத்துட்டு எங்க மேடு, எங்க குழி, மொத்தம் எத்தன கியூப் மணலுன்னு சொல்லிருது. முந்தியெல்லாம் மூணு கியூப்புன்னு சத்தியம் பண்ணுவானுங்க. நடுவுல மலை மாதிரி குவிச்சிருக்கும், மூலையில பாத்தா பலகை தெரியும். இப்ப ஒரு சட்டி கொறைஞ்சாலும் புடிச்சிருது. ஆத்து மணலு கொண்டு வர்றவனுங்க என்னையக் கண்டா கும்புடுறானுங்க.

என்ன கேட்டீங்க? வெளிய போற லொறியயும் மெஷின்ல அளக்குறோமான்னா?

அதுக்குப் பின்கேட் இருக்கே. முந்தி இல்ல, மெஷின முன்கேட்டுல மாட்டுன பொறகு தான் செவர ஒடைச்சி வச்சோம். வளர்ச்சி தானே சேர். விக்கிறதுக்குக் கண்ணளவு தான். அளக்குற நாழிக்கு அகவிலை தெரியுமா? யாவாரத்த நாம தானே பாக்கணும்.

அய்யோ, இந்த மெஷின எனக்குப் போட்டியா மணல் விக்கிற இளங்கோ யார்டுக்கும் குடுக்கப் போறீங்களா? அது எப்படி? அஞ்சு வருஷத்துக்கு நான் மட்டும் தான் பாவிக்கலாம், வேற யாரும் பாவிக்க ஏலாதுன்னு அக்ரிமெண்ட்ல இருக்கு. நீங்க தானே எழுதிக்கொண்டு வந்தீங்க? எனக்கு இங்கிலீஸ் எங்க தெரியும், மகள் பிரேமிளா தான் வாசிச்சி சொன்னா. கையெழுத்து வச்ச அன்னைக்கு எனக்குப் பொன்னாடை வேற போத்துனீங்க.

ஏன் மொகம் வாடிருச்சி? தேத்தண்ணியக் குடிங்க.

சரி, வீட்டு விசயத்துக்கே வருவோம். குண்டசாலையில உங்க வீட்டுக்கு அனுப்புன மணலு பத்தாம, பூச்சு வேல பாதியில நிக்குது, மழைக்கு முன்னாடி குடி போகணும், அதானே? மேசன் பாஸ் தப்பாக் கணக்குப் போட்டிருப்பாரு. இல்லயா? நீங்களே போட்டீங்களா? அப்ப கணக்கு சரியாத்தான் இருக்கும் சேர், நீங்க படிச்சவரு. ஆனா உங்க லொறியும் பின்கேட்டால தானே போச்சி.

கோவிச்சிக்காதீங்க. நாளைக்கே இன்னொரு லொறி அனுப்புறேன், எனக்கு மனசாட்சி இல்லாமலா? என்னது, இந்தத் தடவ மெஷின்ல அளந்து பாத்துட்டுத் தான் எடுப்பீங்களா?

நான் வேணாம்னு சொல்லுவேனா சேர்? அக்ரிமெண்ட் தான் விடாதே. வேற யாரும்னா கண்டுபிடிச்சவரும் சேத்தி தான்னு பிரேமிளா சொல்றா. எந்திரிங்க, இப்படிப் பக்கத்துல வந்து நில்லுங்க. கொஞ்சம் சிரிங்க சேர்.