புஷ்பாவுக்காகத் திருமலை விரும்பிக் கேட்ட பாடல்

காலையில் யாருக்கும் சோகப் பாட்டு போடக் கூடாது, சார். எடுபடாது.

ராயபுரத்தில் எனக்கு செல்போன் கடை. மாடியறையில் இணைய வானொலி நடத்துகிறேன். முந்நூறு பேர் கேட்கிறார்கள். யார் எந்தப் பாட்டை முழுதாகக் கேட்கிறார்கள், எதைத் தள்ளிவிடுகிறார்கள் என்பதை என் கணினி காட்டும். அதைப் பார்த்து ஒவ்வொருவர் போனுக்கும் தனித்தனியாகப் பாட்டு அனுப்புவேன்.

புஷ்பவல்லி இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஹெட்போனை மாட்டினால் நாளுக்குப் பத்து மணி நேரம் கேட்பாள். அவள் புருஷன் திருமலை கடலுக்குப் போய் இரண்டு வருடம். படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. எந்தப் பாட்டில் அவளுக்கு அழுகை வரும், எதில் ஆறும் என்பது அவள் தங்கை ஜோதிகாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தப்பான எண்ணம் எதுவும் இல்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் அவள் கேட்கும் நேரம் இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. கடைக்கு வந்தபோது அவளே சொன்னாள்.

"அண்ணே, ஆர்பர்ல கிரேன் ஓட்டுறாரே மதி, அவரு என்னக் கட்டிக்கிறேன்றாரு. ஜோதிகாவும் சரின்னுட்டா. இனிமே அழுவாச்சிப் பாட்டெல்லாம் வாணாம். குத்துப் பாட்டா போடு."

சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அவசரப்படுகிறாள் என்று தோன்றியது.

மறுநாள் அவள் போனுக்கு மட்டும் என் குரலில் ஓர் அறிவிப்பு அனுப்பினேன். "அடுத்த பாடல், காட்டுப்பள்ளியிலிருந்து திருமலை, தன் புஷ்பாவுக்காக விரும்பிக் கேட்டது."

அரை மணி நேரத்தில் இறால் வாடையோடு ஓடி வந்தாள்.

"அவரு கொரலு எப்டிண்ணே இருந்துச்சு? நல்லாக் கீறாரா?"

"கொஞ்சம் தளர்ந்திருந்துச்சும்மா. மத்தபடி நல்லாத்தான் பேசினாரு," என்றேன்.

கல்யாணப் பேச்சை அவளே நிறுத்தினாள். திருமலை பெயரில் வாரம் இரண்டு பாட்டு அனுப்பினேன். வேலையை விட்டுவிட்டு, திருமலையின் போட்டோவோடு எண்ணூர் தாண்டிக் காட்டுப்பள்ளி வரை போய், பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டு திரிந்தாள். காதில் என் வானொலி, நாளுக்குப் பதினான்கு மணி நேரம். நாற்பத்தோராம் நாள், பின்னால் வந்த கன்டெய்னர் லாரியின் ஹாரன் அவளுக்குக் கேட்கவில்லை. டிரைவர் மேல் தப்பில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

திருமலை ஒருநாளும் எனக்குப் போன் செய்யவில்லை. எல்லாம் நான்தான். ஜோதிகா உங்களிடம் கொடுத்த புஷ்பாவின் போனில் அத்தனையும் இருக்கும். நான் எதையும் அழிக்கவில்லை.

அவளுடைய காரியம் முடிந்த அன்று மதி கடைக்கு வந்தார். "புஷ்பா கடைசியா இன்னா பாட்டு கேட்டுகினு இருந்துச்சுண்ணே?" என்றார்.

அவர் போனிலும் என் வானொலியை ஏற்றிக் கொடுத்தேன். முதல் நாள் ஆறு மணி நேரம் கேட்டார். நேற்று பதினொன்று.

என் போனை ஐந்து நிமிடம் கொடுங்கள், சார். இன்றைக்கு அவருக்கு இன்னும் எதுவும் அனுப்பவில்லை. என்னை விட்டால் அந்த மனுஷனுக்கு ஆறுதலாக யார் இருக்கிறார்கள்?