அணைந்துபோன கலியாணம்

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மா சொன்ன ஒரு வார்த்தையில் என் தூக்கம் கலைந்துவிட்டது.

“லண்டன் மாப்பிள்ளை என்ரை மகளின்ரை கலியாணத்தை அணைச்சுப்போட்டார்.”

பக்கத்தில் இருந்த அவரின் தங்கை திகைத்தார். “கலியாணம் என்ன லைற்றே அக்கா?”

“இஞ்சை பார், இப்ப வந்த மெசேஜ். வெடிங் புட் ஓஃப் எண்டு கிடக்கு. லைற்றைப் புட் ஓஃப் பண்ணு எண்டா அணைக்கிறதுதானே?”

“பிற்போடுறதுக்கும் அப்பிடித்தான் சொல்லுறவை.”

“தாலிக்குப் பொன்னுருக்க நாளும் வைச்சாச்சு. இப்ப எதையெண்டு நம்புறது?”

“மாப்பிள்ளை முதல் உங்களை என்னெண்டு கூப்பிட்டவர்?”

“அன்ரி எண்டு. நிச்சயம் பண்ணின பிறகுதான் மாமி.”

“இப்பவே எடுத்துக் கேளுங்கோ. தமிழிலை கேளுங்கோ. என்னெண்டு கூப்பிடுறார் எண்டும் கவனியுங்கோ.”

நெல்லியடி தாண்டும்போது லண்டன் கிடைத்தது. பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலாக அம்மா கத்தினார்.

“தம்பி, கலியாணம் நடக்குமோ, நடக்காதோ?”

ஸ்பீக்கரில் தட்டுத்தடுமாறிய தமிழ் வந்தது. “ஐயோ, நடக்கும் மாமி! லீவு கிடைக்கேல்லை. அடுத்த மாதம் வாறன்.”

அம்மா ஃபோனை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

“மாமி எண்டவர். கேட்டனியே?”

“நான் மட்டுமே அக்கா? பஸ்ஸே கேட்டது.”