எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது

ஆன்லைனில் திரும்பி வரும் காப்புரிமை விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் கண்டுபிடிப்பில் குறை இருந்து திரும்புவதில்லை, சார். ஸ்கேன் சாய்ந்திருக்கும், வரைபடத் தாளில் பக்க எண் விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். பதினாறு வருடமாக உங்கள் வக்கீல் அலுவலகத்தில் நான் ஏற்றிய கோப்பு ஒன்றுகூட அப்படித் திரும்பியதில்லை. அது உங்களுக்கே தெரியும். அக்காவின் கோப்பையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் ஏற்றினேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள் அவள். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தவளும் அவள்தான். அந்தக் கல்யாணம் ஒன்றரை வருடத்தில் முறிந்து, நான் பெட்டியும் கையுமாக வந்து நின்றபோது, ஒரு கேள்வி கேட்காமல் கதவைத் திறந்தாள். தனக்கென்று அவள் எதையும் தேடிக்கொள்ளவில்லை. இரண்டு அறை வீட்டில் நாங்கள் இரண்டு பேர். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கும் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கைக்குழந்தைக்கு ட்ரிப்ஸ் ஏற்றும்போது ஊசி நரம்பைவிட்டு நழுவினால் மருந்து சதைக்குள் இறங்கிவிடும். கை வீங்கும். குழந்தை அழும். குழந்தை எதற்குத்தான் அழவில்லை? அவள் வார்டில் ஒரு குழந்தைக்கு அப்படி மூன்று விரல்கள் கறுத்து, எடுக்கும்படி ஆயிற்று. அன்றிலிருந்து அக்கா சாப்பாட்டு மேசையில் ரப்பரும் மெல்லிய கம்பியுமாக உட்கார ஆரம்பித்தாள். நான்கு வருடம் கழித்துக் கையில் மாட்டும் ஒரு சின்னப் பட்டை உருவானது. தோல் ஒரு நூல் அளவு உப்பினாலும் கூவும். முதல் பட்டையை என் சுண்டுவிரலில்தான் மாட்டிப் பார்த்தாள்.

வரைபடங்கள் நான்கு, உரிமைக் கோரிக்கைகள் பதினொன்று. கடிதங்கள் வரவேண்டிய மின்னஞ்சல் என்ற கட்டத்தில் என் முகவரியைப் போட்டேன். "வீட்டுலயே ஆள் இருக்கும்போது எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்றாள். மின்கையெழுத்துப் போடும் டோக்கனைக் கணினியில் செருகிவிட்டு, கடைசி பட்டனை அவளையே அழுத்தச் சொன்னேன். திரையில் விண்ணப்ப எண் வந்ததும் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

அப்போதுதான் சொன்னாள். "இது மட்டும் கிடைச்சுட்டா, ஏதாவது கம்பெனியில கூடவே இருந்து செஞ்சு குடுக்கணும். வேற ஊருக்குப் போக வேண்டி வரும்."

"அப்ப நான்?"

"நீ என்ன பாப்பாவா? உன்ன நீ பாத்துக்க மாட்டியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதில் எந்தத் தப்பும் இல்லை.

மூன்றாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், காப்புரிமை வழங்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. சான்றிதழில் அவள் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பிறகு நம் பழைய கட்சிக்காரர் ஒருவருக்கு வந்த நிராகரிப்பு உத்தரவை எடுத்து, எண்ணையும் பெயரையும் மாற்றினேன். 'இத்துறையில் சாதாரணப் பயிற்சியுள்ள எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது' என்ற காரணத்தை அப்படியே விட்டுவைத்தேன். நானாக எழுதியதில்லை சார், வழக்கமான வாசகம்தான்.

அக்கா அதை நின்றபடியே படித்தாள். "எவருக்கும் தோணுமாம்டி" என்றாள். "எனக்குத் தோணவே நாலு வருஷம் ஆச்சே."

"மேல அப்பீல் போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"பிரயோஜனம் இல்லக்கா."

என் மடியில் தலையை வைத்து அழுதாள். அம்மா போனபோதுகூட என் கண்ணெதிரே அழாதவள். நான் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அன்று எனக்கு மனம் நிறைந்திருந்தது.

அடுத்த மாதம் ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனி பட்டையைத் தயாரிக்க அனுமதி கேட்டு அதே மின்னஞ்சலுக்கு எழுதியது. உரிமையாளருக்கு விருப்பமில்லை என்று மரியாதையாகப் பதில் போட்டேன். புதுப்பிப்புக் கட்டணத்துக்கு நினைவூட்டல் வந்தது. அதற்கு நான் எதுவுமே செய்யவில்லை. எதுவும் செய்யாவிட்டால் உரிமை தானாகவே காலாவதியாகிவிடும்.

அதற்கிடையில் எத்தனை குழந்தைகள் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. சில நாள் அக்கா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள். "இன்னிக்கும் ஒண்ணு" என்பாள். நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். மேசையில் இருந்த ரப்பரையும் கம்பியையும் அவளே ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டாள். நான் போடச் சொல்லவில்லை.

உரிமை காலாவதியானதும் அதே கம்பெனி பட்டையைத் தயாரிக்க ஆரம்பித்தது. அதற்குமேல் யாரையும் கேட்க வேண்டியதில்லையே. போன குளிர்காலத்தில் அவள் வார்டுக்கே ஒரு பெட்டி வந்தது. கூட வேலை பார்க்கிற நர்ஸ் அதைப் பிரித்துவிட்டு, "அக்கா, நீங்க செஞ்சது மாதிரியே இருக்கு" என்றாளாம். மறுநாள் காலை அக்கா காப்புரிமை அலுவலகத்துக்குப் போய், கவுண்டரில் அந்த விண்ணப்ப எண்ணைச் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்தவர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாராம்.

வீட்டுக்கு வந்து அவள் சத்தம் போடவில்லை.

"எனக்குக் குடுத்திருந்தாங்களாடி?"

"குடுத்திருந்தாங்கக்கா."

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"இனிமே ஏதாவது செய்ய முடியுமா?"

"முடியாதுக்கா."

நான்கு புடவையை மடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி விடுதிக்குப் போய்விட்டாள். பீரோச் சாவியை என் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள்.

யார்மீதும் அவள் புகார் கொடுக்கவில்லை. நானாகத்தான் உங்கள் முன்னால் வந்திருக்கிறேன். இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இன்று ஏன் வந்தாய் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. காலாவதியான உரிமையை ஒன்றரை வருடத்துக்குள் மனுப் போட்டு மீட்டுவிடலாம் என்பது நீங்கள் அறிந்ததுதான். அக்கா என்னைக் கேட்ட அன்று அதில் நான்கு மாதம் மீதி இருந்தது. அப்போதே உங்களிடம் சொல்லியிருந்தால், உங்கள் சுபாவத்துக்கு, அன்று மாலைக்குள் மனுவைப் போட்டிருப்பீர்கள். கெடு நேற்றோடு முடிந்தது. இன்று காலை காப்புரிமை அலுவலகத் தளத்தைத் திறந்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான் வந்தேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது. அவள் அறையைக் கூட்டித் துடைத்து, படுக்கைக்கு வேறு விரிப்புப் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கெடு விஷயமும் அவள் காதுக்கு எட்டத்தான் போகிறது. மனம் உடைந்து வருகிறவளைத் தேற்ற வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டாமா, சார்.