மூன்று தட்டுகளிலும் அவனே வாசித்தது

காப்பிக்குப் பால் வேண்டாம் சார்ஜென்ட், எனக்குக் கடுங்காப்பிதான் பழக்கம். என் பெயர் ஆர்வோ லெஹ்டோலா. இந்தத் தண்டர் பே ஊரிலேயே பிறந்தவன். எங்கள் இசைக்குழுவில் பதினோரு வருடம் டிரம்ஸ் வாசித்தேன். ரெமி பெல்டியே கிட்டார் வாசித்துப் பாடினான். அவன் ஏரியில் மூழ்கியது எண்பத்தேழு மார்ச்சில். விபத்து என்று நீங்கள் வழக்கை மூடிவிட்டீர்கள்.

குழு கலைந்த பிறகு ரெமி தனியாக மூன்று இசைத்தட்டுகள் போட்டான். எல்லா வாத்தியமும் அவனே. டிரம்ஸும்.

வேன் வைத்திருந்தது நான். அதனால் தட்டுகளை வின்னிபெக் நகரம் வரைக்கும் கடைகளில் போடும் வேலையை என்னிடம் கொடுத்தான். கேட்டவர்கள் கடிதம் போடத் தட்டின் உறையில் அச்சிட்டிருந்த தபால் பெட்டியின் சாவியும் என்னிடம்தான். கையில் இருந்த கொஞ்சத்தை அவன் பாடப்போன இடங்களில் விற்றான். மற்ற பெட்டிகளை என் நிலவறையில் இறக்கினேன். வந்த கடிதங்களையும் அங்கேயே வைத்தேன். ஒன்றையும் கிழிக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கும் பிடிக்கவில்லை போல என்று அவனிடம் சொன்னேன். மூன்றாவது தட்டோடு பாட்டு எழுதுவதையே அவன் நிறுத்திவிட்டான்.

போன மாதம் மாண்ட்ரியலிலிருந்து ஜோயெல் என்ற பெண் வந்தாள். பழைய தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடுகிறவள். நிலவறையில் பெட்டிகளைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இத்தனை வருஷமா பத்திரமா வச்சிருந்தீங்களே! உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு, "இதுல பாட்டைவிட டிரம்ஸ்தான் உசத்தி. நினைவுக் கச்சேரியில நீங்க வாசிக்கணும். ஆனா அவர் வாசிச்ச மாதிரியே, அடிக்கு அடி அப்படியே இருக்கணும்" என்றாள்.

அவளை அனுப்பிவிட்டு உங்களைக் கூப்பிட்டேன்.

அவன் மூழ்கிய அன்றைக்கு விடிந்ததும் நானும் ரெமியும் ஏரியின் உறைந்த விரிகுடாவில் என் மீன்பிடிக் குடிலில் உட்கார்ந்திருந்தோம். மீன் பிடிக்கப் பனிக்கட்டியில் போட்ட துளையைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்.

"கெனோராவுல பாடப்போனப்ப ஒருத்தியப் பார்த்தேன்டா. தட்டைக் கேட்டுட்டு எனக்கு நாலு லெட்டர் போட்டாளாம். ஒண்ணுகூட வரலையே?"

"என் வீட்டுல இருக்கு" என்றேன். பொய் சொல்ல எனக்கு அலுத்துவிட்டது. தட்டுகள் கடைக்கே போகவில்லை என்பதையும் சொன்னேன்.

அவன் தூண்டிலைக் கீழே வைத்தான். பிறகு, "எனக்குப் பாட்டே வரலைன்னு நினைச்சுல்லடா எழுதறதையே விட்டேன். ஏன்டா இப்படிப் பண்ணின?" என்றான்.

"டிரம்ஸுக்கு என்னைக் கூப்பிடலையே."

"கூப்பிடலையா? மூணு தடவை உன் வீட்டுக் கதவைத் தட்டினேன்டா. நீ குடிச்சுட்டு எழுந்திரிக்க முடியாமக் கிடந்த. அதுக்கப்புறம்தான் நானே கத்துக்கிட்டேன்."

அது அவன் சொன்ன கணக்கு. எனக்கு அப்படி நினைவில்லை. நினைவில் இருப்பது ஒன்றுதான்: நான் வருடக்கணக்கில் கை கொப்பளிக்கப் பழகியதை அவன் ஒரே குளிர்காலத்தில் கற்றுக்கொண்டு, என்னைவிட நன்றாக வாசித்தான்.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கரைக்குக் குறுக்கு வழி, ஆறு ஏரியில் கலக்கும் முகத்துவாரம் பக்கமாக. அங்கே அடியில் நீரோட்டம் உண்டு, மார்ச்சில் பனிக்கட்டி மேலே வெள்ளையாக இருக்கும், கால் வைத்தால் தாங்காது. இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அவன் ஏரியில்லாத சமவெளி ஊர்க்காரன்.

நான் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை. பத்தடி போனவன் நின்று திரும்பிப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் போலாம்ல?"

"கெட்டியாத்தான் இருக்கு, போ" என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான் சார்ஜென்ட். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் அவன் என் பேச்சை நம்பினான் பாருங்கள், அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் தீரவில்லை.