இந்திய அரிசிக்கு ஒரு நிபந்தனை

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஒருநாள், சுன்னாகம் கூட்டுறவுச் சங்கக்கடையில் பங்கீட்டுக் கூப்பன் அரிசிக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

“அரிசி வராட்டிலும் பரவாயில்லை. இந்தியாக்காரர் தங்கடை நிபந்தனையை மட்டும் விடக்கூடாது.”

இளையவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“என்னக்கா உந்தக் கதை? பிள்ளையள் பசியோடை கிடக்குதுகள். கடனுக்கு அரிசி தாறதெண்டால் தரட்டும். இஞ்சை இருக்கிற தங்கடை ஆக்களை வேலையாலை நிப்பாட்டக்கூடாதெண்டு எங்களுக்குச் சட்டம் சொல்லுறதோ?”

“என்ரை மருமோன் தூத்துக்குடி ஆள், பிள்ளை. றெயில்வேயிலை வேலை. அவரை நிப்பாட்டினால் மோளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு கடலுக்கு அங்காலை போயிடுவார். பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?”

இளையவர் அவரருகே நெருங்கி நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: “அரசாங்கம் ஒத்துக்கொள்ளுமோ, அக்கா?”

“ஆருக்குத் தெரியும்? இன்னும் பேச்சுத்தான் நடக்குதாம்.”

மூத்தவரின் முறை வந்தது. “அரிசி முடிஞ்சுது. கோதுமை மாத்தான் கிடக்கு,” என்றார் கடைக்காரர்.

வரிசை முழுவதும் சத்தமிட்டது. மூத்தவர் மட்டும் பையை விரித்துப் பிடித்தார்.

“மாவைப் போடுங்கோ. மருமோனுக்கு ரொட்டியெண்டால் நல்ல விருப்பம். இஞ்சை இருக்கிறவரைக்கும் சாப்பிடட்டும்.”