ஆட்டுத்தலை இறுகும் வரை

"உள்ளுக்கை போங்கோ! உள்ளுக்கை!"

கத்துவது அண்ணா. ஓடுவது நான். பங்கர்க் குழிக்குள் முதலில் விழுபவனும் நானே. பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் ஒரு பரிசும் வாங்காதவன், அன்றைக்கு முதலிடம். எனக்குப் பின்னால் அண்ணி. வன்னி. 2009 தை மாதக் கடைசி. பின்னேரம். தூரத்தில் 'டும்'. பிறகு கூவல். பிறகு மண் அதிரும்.

வெளியே அடுப்பில் ஆட்டுத்தலை அவிகிறது. பக்கத்துக் கொட்டில்காரரின் ஆடு காலையில் எறிகணைச் செல் பட்டுச் செத்தது. இறைச்சி பலருக்கும் போனது. எங்களுக்குத் தலையும் கால்களும். மிளகாய்த்தூள் இல்லை. உப்பு இருந்தது.

மேலே வண்டு சுற்றுகிறது. ஆளில்லா விமானத்தை அப்படித்தான் சொல்வோம். புகை அதற்குத் தெரியும். சற்று ஓய்ந்தபோது அண்ணா வெளியே ஏறினார். அடுப்புக்கு மண் போட்டார். பானையை இறக்கி மூடினார்.

"தண்ணி எடுத்துக்கொண்டு வாறன். வெளியிலை வராதேங்கோ!"

அடுத்த செல் கிணற்றடியில் விழுந்தது.

போய்ப் பார்த்தோம். கிணறு இருந்த இடத்தில் பள்ளம். அண்ணா இல்லை. எடுத்துப் புதைக்கவும் எதுவுமில்லை. அண்ணி பானைக்குப் பக்கத்தில் போய் இருந்தார். விடியும்வரை இருந்தார். காலையில் சனம் நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். பானையை எடுக்கவில்லை.

அவர் காணாமல் போனவர் என்றார் அண்ணி. ஒஸ்லோ வந்த பிறகும் அதே சொல். கார்த்திகை மாதம் தேவாலயத்தில் நடக்கும், இறந்தோருக்கான பூசையில் அண்ணாவின் பெயரைச் சேர்க்க விடவில்லை. வாதாடித் தோற்பதில் எனக்கு அனுபவம் அதிகம். அண்ணியிடம் தொடங்கவே இல்லை.

போன டிசம்பர், நத்தாருக்கு முந்தின வாரம். ஒஸ்லோவின் ஸ்டோவ்னர். எதிர்வீட்டு நோர்வேக்காரர் 'சில்த்தெ' கொண்டுவந்து தந்தார். பன்றித்தலையை அவித்து, எலும்பு நீக்கி, அழுத்தி இறுகவைத்தது. குளிராகவே வெட்டிப் பாண் துண்டில் வைத்துச் சாப்பிடுவார்கள். குளிர்ந்த இறைச்சியைத் தின்னும் துணிவு எனக்கில்லை. மைக்ரோவேவில் வைத்தேன். எல்லாம் கரைந்து சாறானது. அவர்களின் நத்தாரை நான் சூப்பாக்கிவிட்டேன். வீடெல்லாம் தலை அவிந்த மணம்.

அண்ணி அறையிலிருந்து வந்தார். யன்னலைத் திறந்தார். தட்டைக் குளிரில் வைத்தார். பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். சாறு மங்குகிறது. விளிம்பிலிருந்து உள்ளே இறுகுகிறது. விரலால் தொட்டுப் பார்க்கிறார்.

"அண்டைக்கும் விடியேக்கை பானைக்குள்ளை இப்பிடித்தான் இறுகிப்போய்க் கிடந்தது. அதுக்குப் பிறகும் அவர் வரேல்லை."

நானும் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டேன்.

"ஞாயிறு பூசைக்கு அவற்றை பேரைக் குடுங்கோ, தம்பி."

கொடுத்தேன்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. வீடு, போனது. கிணறு, போனது. பானை, விட்டுவந்தது. காணாமல் போனோர், எவருமில்லை. இறந்தோர், ஒருவர்.