கட்டி முடிஞ்ச ஆஸ்பத்திரி

— ஆஸ்பத்திரி இல்லன்னு நான் சொல்றேன், இருக்குன்னு நீ சொல்ற. கண்ணு கெட்டது எனக்கா உனக்கா, நதீரு?

— கத்தாதீங்க வர்தியாம்மா. நானா சொல்றேன்? தாள்ல இருக்கு. ஐன் ஸர்கா புதுக் குடியிருப்பு. நாலாயிரம் வீடு, ரெண்டு பள்ளிக்கூடம், ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. 'கட்டி முடிஞ்சது'. கீழ எங்க வீட்டுவசதி ஆபீசு முத்திரை.

— முத்திரை வந்து பிரசவம் பாக்குமா? எம் பொண்ணு ஹஸீனாவுக்கு இது எட்டாம் மாசம். ரத்தக்கொதிப்பு ஏறிக்கிட்டே போகுது. காலு ரெண்டும் பெசஞ்சு வச்ச மாவாட்டம் உப்பிக் கெடக்கு. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனா, 'உங்க பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கே, அங்க போங்க'ன்னு வெரட்டுறான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டா அவனும் அதே பாட்டு.

— அவங்க கையிலயும் இதே தாள்தான்மா.

— அப்ப தாள மாத்து. 'இல்ல'ன்னு ஒத்த வார்த்தை எழுது. வாங்காம இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன், கேட்டியா? காப்பி வேணா சொல்லு.

— சீனி எத்தன?

— மூணு. உங்க ஆபீசு கசப்புக்கு அதுவும் பத்தாது.

— பொறுங்க, உங்க நல்லதுக்குச் சொல்றேன். இதக் கிளறாதீங்க.

— கிளறுவேன். பதினேழு வருசம் வீட்டுப் பட்டியல்ல பேரு வருமா வருமான்னு கெடந்தவ நான். நடுரோட்டுல டயரக் கொளுத்திப் போட்டு மறிச்சப்ப முன்னால நின்னவ. உனக்கா பயப்படுவேன்?

— அந்த மறியல்தாம்மா வெனை. பேரு விட்டுப்போன இருபத்திநாலு குடும்பம், ரோட்ட விட்டு நகரல. குடியிருப்புத் திறப்பு விழாவுக்குத் தலைநகரு அல்ஜியர்ஸ்ல இருந்து பெரிய ஆளுங்க வர ஒரு வாரந்தான் இருந்துச்சு. குடுக்க வீடு மிச்சம் இல்ல. எங்க மேலதிகாரி கேட்டாரு, 'காலியா ஏதாவது கட்டடம் கெடக்கா?'

— சரி.

— ஒண்ணு கெடந்துச்சு. நடுவுல சுவர் வச்சு அறை அறையா தடுத்தோம். ஆறே நாள். சாவியக் குடுத்துட்டோம். தாள மாத்தல.

— எந்தக் கட்டடம்?

— உங்க வாசக்கதவு எவ்வளவு அகலம் வர்தியாம்மா?

— ஒட்டகத்தையே ஓட்டிட்டு வரலாம்னு எம் மருமகன் கேலி பண்ணுவான்... சுவரெல்லாம் தலை உசரத்துக்கு வெள்ள ஓடு... யா ரப்பி, ஆண்டவனே. என் வீடா?

— 'பிரசவ அறை, எண் ரெண்டு'. தாள்ல இருக்கு.

— அங்கதானே புள்ள படுத்துக் கெடக்கா.

— நீங்க கேட்ட மாதிரி 'இல்ல'ன்னு எழுதலாம். ஆம்புலன்சு வரும். கட்டுன ஆஸ்பத்திரி எங்க போச்சுன்னு விசாரணையும் வரும். இருபத்திநாலு வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. மாத்து வீடு கெடையாது.

— எத்தன நாள்ல?

— எது, ஆம்புலன்சா? காலி பண்றதா?

— ரெண்டுந்தான்.

— தாள் போன மறுநாளே. ரெண்டும்.

— எட்டு வருசம் நிச்சயம் பண்ணிட்டுக் காத்திருந்தாடா அவ. தனியா ஒரு அறை இல்லாம எப்படி நிக்கா பண்றது? இந்தச் சாவி கையில வந்த மாசந்தான் கல்யாணமே நடந்துச்சு.

— பேனாவ எடுத்துட்டேன். சொல்லுங்க, எழுதட்டுமா?

— பேனாவ மூடு, மகனே. டாக்சிக்காரன் யாராவது தெரிஞ்சா நம்பர மட்டும் குடு.